நாள் பூரா நின்னு வேலை பாக்குற அம்மாவுக்கு "நிக்காதீங்க"ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, என்ன பண்றது?

வைகைக்கரை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. எங்கம்மாவுக்கு 47 வயசு, மதுரைல ஒரு பெரிய ஜவுளிக்கடைல பதினோரு வருஷமா சேல்ஸ்ல இருக்காங்க, காட்டன் சேலை செக்‌ஷன். காலைல ஒன்பதரைக்கு உள்ள போனா வெளிய வர ராத்திரி ஒன்பதரை ஆயிரும், ஆடி, தீபாவளின்னா அதுவும் கணக்கு கிடையாது. நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதுலயும் மாடி ஏறி இறங்கவே பத்து நிமிஷம் போயிரும். மத்த நேரம் பூரா நிக்கணும். கஸ்டமர் இருந்தாலும் நிக்கணும், ஈ ஓட்டினாலும் நிக்கணும்.

நாலஞ்சு வருஷமாவே கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சையா புடைச்சு நின்னுச்சு, வலிக்குதும்மான்னு கேட்டா தைலம் தேச்சுக்கிட்டு படுத்துருவாங்க. இப்ப ரெண்டு மாசமா கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து அரிப்பு எடுக்குது. சாக்ஸ் எலாஸ்டிக் பதிஞ்ச தடம் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மறைய மாட்டேங்குது. இது போக இந்த வருஷம் மட்டும் மூணு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன்.

டாக்டர்கிட்ட போனோம், நல்லவர்தான், பொறுமையா பாத்தாரு. வெரிகோஸ் வெயின்னு சொல்லி சீட்டுல எழுதினாரு: அதிக நேரம் நிக்கக் கூடாது, மணிக்கு ஒரு தடவை கால தூக்கி வைக்கணும், தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும், யூரின அடக்கக் கூடாது. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கும்போது அம்மா அந்தச் சீட்ட என்கிட்ட குடுத்துட்டு சிரிச்சாங்க. "இதைக் கொண்டுபோய் ஃப்ளோர் மேனேஜர்கிட்டல்ல காட்டணும்"னாங்க.

அவங்க காலைல கொண்டுபோற தண்ணி பாட்டில் ராத்திரி முக்காவாசி அப்படியே திரும்பி வருது. ஏன்னா பாத்ரூம் கீழ குடோன் பக்கம் ஒண்ணுதான், போகணும்னா சொல்லிட்டுப் போகணும், ரெண்டாவது தடவை கேட்டா மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்குவாங்களாம்.

வேலையை விடுன்னு சொந்தக்காரங்க ஈஸியா சொல்லிட்டாங்க, குழு லோன் இன்னும் பதினெட்டு மாசம் இருக்கு. கேள்வி இதுதான்: லேசர் பண்ணிட்டு அதே வேலைக்குப் போனா திரும்ப வருமா? கடைல உக்கார சேர் கேக்க சட்டம் ஏதோ வந்துச்சுன்னாங்களே, அது நிஜமாவே இருக்கா?

ஜிம்பாய்_கோவை:

சிஸ்டர் பயப்படாதீங்க, இதெல்லாம் லைஃப்ஸ்டைல் பிரச்சனைதான். வெயிட்ட குறைக்கச் சொல்லுங்க, காலைல ஒரு மணி நேரம் வாக்கிங், ராத்திரி சாதத்த கட் பண்ணிட்டு சப்பாத்தி. நின்னு வேலை பாக்குறது உண்மைல நல்லதுதான், இப்ப வெளிநாட்டுல ஆஃபீஸ்லயே நிக்கிற டேபிள் வாங்கிப் போடுறாங்க. உக்காந்தே இருக்கறதுதான் ஆபத்துன்னு எல்லா ரிசர்ச்சும் சொல்லுது.

முத்துநகர்_மேரி:

கோவை தம்பி, காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சு சோறு பொங்கி பிள்ளைய கிளப்பி பஸ் புடிக்குதவளுக்கு எந்த ஒரு மணி நேரத்துல வாக்கிங்? கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க.

தங்கச்சி, உங்கம்மா கதைய வாசிச்சதும் எனக்கு என் கதை மாதிரியே இருந்துச்சு. நான் தூத்துக்குடி பக்கம், பன்னெண்டாவது முடிச்சதும் மெட்ராஸ் தி.நகர்ல ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன், எங்க ஊர்ல இருந்து மட்டும் ஏழு பிள்ளைங்க ஒண்ணா போனோம். கடைக்காரங்களே ஹாஸ்டல், கடைக்காரங்களே சாப்பாடு. அங்க ஒரு விஷயம் பாத்துக்கிடுங்க, சாயக்கூட கூடாது. ராக்குல முதுகைச் சாச்சா கேமராவுல பாத்துட்டு மைக்குல பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, அம்புட்டு கஸ்டமர் முன்னாடியும். சம்பளத்துல புடிக்கிறதும் உண்டு. பளபளன்னு மார்பிள் தரை, ஏசி வேற, நாலு மணிக்கு மேல கால் இருக்கா இல்லையான்னே தெரியாது.

நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சோம். கவுன்டருக்கு அடியில குண்டூசி டப்பா வச்சிருப்போம், அதை வேணும்னே தட்டி விட்டுட்டு பொறுக்குற சாக்குல குத்துக்கால் போட்டு ஒரு ரெண்டு நிமிஷம் உக்காருவோம். ஒருத்தி பொறுக்கும்போது இன்னொருத்தி நோட்டம் பாப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குண்டூசி கொட்டும்னு சூப்பர்வைசர் டப்பாவையே தூக்கிட்டான், அதுக்கப்புறம் ட்ரயல் ரூம்ல துணி எடுக்கப் போறது மாதிரி போய் செவுத்துல சாஞ்சுக்கிடுவோம்.

தண்ணி விஷயம் அப்படியே நீங்க சொன்னதுதான். பீரியட்ஸ் நாள்ல நாப்கின் மாத்தணும்னாலும் ஒரு ஆம்பளைகிட்ட கேட்டுட்டுதான் போகணும், அந்தக் கூச்சத்துலயே காலைல வச்சதை சாயங்காலம் வரைக்கும் மாத்தாம இருப்போம். ஏழு பேருல மூணு பேருக்கு ஒன்றரை வருஷத்துல நீர்க்கடுப்பு வந்து ஊருக்குப் போயிட்டு வந்தாளுவ. எங்க ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா, மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கலையாம். குடிக்கவே இல்ல, அப்புறம் எங்க ஒத்துக்கிடுறது.

ஓபி_நம்பர்_12:

நான் ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், ரத்தக்குழாய் ஓபில நாலு வருஷம் இருந்திருக்கேன். முதல்ல மருத்துவம் பேசிடறேன், மத்ததை அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.

கால்ல இருந்து ரத்தம் மேல ஏறணும்னா அதைத் தள்ளி விடறது கெண்டைக்கால் சதைதான், நடக்கும்போது அது சுருங்கி விரிஞ்சு பம்பு மாதிரி வேலை செய்யும், ரத்தம் திரும்ப கீழ இறங்காம சிரைக்குள்ள, அதாவது நீங்க நரம்புன்னு சொன்ன அந்த ரத்தக்குழாய்க்குள்ள, சின்னச் சின்ன வால்வு இருக்கு. ஒரே இடத்துல நிக்கும்போது பம்பு ஓடாது, ஆனா ரத்தத்தோட எடை மட்டும் வால்வு மேல உக்காந்துக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா அப்படி இருந்தா வால்வு தளர்ந்து சிரை வீங்கிச் சுருளும். அதனால நடக்கறது வேற, நிக்கறது வேற. ஜிம்பாய் தம்பி ரெண்டையும் ஒண்ணாக்கிட்டார். குடும்பத்துல யாருக்காவது இருந்தாலோ, ரெண்டு மூணு பிரசவம் ஆகியிருந்தாலோ, வெயிட் அதிகமா இருந்தாலோ சீக்கிரம் வரும், அதையும் மறுக்கல.

உள்பக்க கணுக்கால் கறுத்திருக்குன்னு சொன்னீங்கல்ல, அதை அசட்டையா விடாதீங்க. அந்த இடத்துலதான் அடுத்து புண்ணு வரலாம், கொசு கடிச்சு சொறிஞ்சாக்கூட ஆரம்பிக்கலாம், வந்துட்டா ஆற மாசக்கணக்காகும். டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்த வால்வு போயிருக்குன்னு பாக்கணும். லேசர் பண்ணினா கெட்டுப் போன அந்தச் சிரைய அடைச்சிடுவாங்க, நல்லாவே பலன் இருக்கும், ஆனா அதே தரைல அதே பன்னெண்டு மணி நேரம் நின்னா வேற சிரைல வரலாம். எங்க ஓபில இப்படி ரெண்டாவது தடவை வந்தவங்களை நிறையவே பாத்திருக்கேன்.

யார் யார் வருவாங்கன்னு சொல்றேன் பாருங்க. பரோட்டா மாஸ்டர், சலூன்காரர், ட்ராஃபிக் போலீஸ், செக்யூரிட்டி, டீச்சர், துணிக்கடைப் பொண்ணுங்க, எங்களை மாதிரி நர்ஸுங்க. க்யூவ பாத்தாலே ஊர்ல யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். கடை முதலாளி ஒருத்தர்கூட இந்தக் க்யூல வந்து நான் பாத்ததில்ல, அவங்களுக்கு வேற க்யூ இருக்கு, ஷுகரும் ஹார்ட்டும்.

தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க வேணாம்னு சொல்லுங்க, உள்ள ரத்தக்கட்டி இருந்தா ஆபத்து. திடீர்னு ஒரே கால் மட்டும் வீங்கி சூடா வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். நின்ன இடத்துலயே குதிகாலை தூக்கித் தூக்கி இறக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை இருபது முறை, இதை எந்த கேமராவும் தப்பு சொல்லாது. ஸ்டாக்கிங்ஸ் போடணும், கால இறுக்கிப் புடிக்கிற நீளமான சாக்ஸ் மாதிரி இருக்கும், அதைப் பத்தி டாக்டர் சொன்னாரா?

ஜிம்பாய்_கோவை:

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனா உக்காந்து வேலை பாக்குறவனுக்கு ஹார்ட் அட்டாக் அதிகம்னு ப்ரூவ் ஆனது உண்மைதானே, அதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்குப்புலி:

பொது சுகாதாரம் படிச்சுக்கிட்டிருக்கேன், இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போறேன் ப்ரோ. நீங்க சொல்ற விஷயமே லண்டன் பஸ்ல இருந்து வந்ததுதான். ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், ரெண்டாவது உலகப்போர் முடிஞ்ச சமயம், லண்டன் டிரான்ஸ்போர்ட்ல வேலை பாத்த 31,000 ஆம்பளைங்களை கணக்கெடுத்து 1953ல எழுதினாரு. டிரைவரும் கண்டக்டரும் ஒரே மாதிரி குடும்பம், ஒரே பஸ், ஆனா இதய நோய் டிரைவருக்குத்தான் அதிகம். கண்டக்டர் டபுள் டெக்கர் படிய நாள் பூரா ஏறி இறங்கிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அவங்க யூனிஃபார்ம் பேன்ட்டோட இடுப்பு சைஸ் கணக்கக்கூட எடுத்துப் பாத்தாரு மனுஷன், டிரைவருக்குத்தான் பெருசு.

ஆனா அதுல கண்டக்டர் நடந்தாரு. சேலை கவுன்டருக்குப் பின்னாடி நாலடி இடத்துல நிக்கிறவங்க கண்டக்டரும் இல்ல டிரைவரும் இல்ல, ரெண்டு பக்க கெடுதலும் அவங்களுக்கு.

இன்னொண்ணு, அதே லண்டன்ல 1967ல ஆரம்பிச்சு அரசு ஊழியர்கள் கிட்டத்தட்ட 18,000 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, வைட்ஹால் ஆய்வுன்னு சொல்வாங்க, மைக்கேல் மார்மட் எழுதினது. ஏழைங்க யாரும் இல்ல, எல்லாம் மாசச் சம்பளம், எல்லாருக்கும் இலவச வைத்தியம். அப்படியும் ப்யூன், வாட்ச்மேன் மாதிரி கடைசிப் படில இருந்தவங்க இதய நோய்ல செத்தது மேல் படில இருந்தவங்களை விட மூணு மடங்குக்கு மேல. சிகரெட், பிபி, கொலஸ்ட்ரால்னு எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தாலும் பெரும்பங்கு வித்தியாசம் அப்படியே நிக்குது. 1985ல ரெண்டாவது சுத்து ஆரம்பிச்சாங்க, பெண்களையும் சேத்து. அதுல தெரிஞ்ச ஒரு விஷயம், தன் வேலைய தானே முடிவு பண்ண முடியாதவங்களுக்கு நோய் அதிகம். இப்ப மேரி அக்கா எழுதின குண்டூசி டப்பாவ திரும்ப ஒரு தடவை படிங்க.

ஈரோட்டு_கடைக்காரன்:

ஏனுங்க, எல்லாரும் முதலாளிய கழுவி ஊத்தறீங்க, நானும் ஒரு சின்ன ஜவுளிக்கடை வெச்சிருக்கறனுங்க, நாலு பொண்ணுக வேலைக்கு இருக்குது. நாலு பேத்துக்கும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். போட்டுட்டு என்னாச்சுங்கறீங்க? ஒரு அம்மணி உள்ள வந்துச்சு, எங்க பொண்ணு உக்காந்து மடிச்சுட்டு இருந்துச்சு, எந்திரிக்க ரெண்டு செகண்டு லேட்டாகிப் போச்சு. அந்தம்மா என்கிட்ட வந்து "உங்க கடைல வர்றவங்களுக்கு மரியாதை இல்லீங்களே"ன்னு சொல்லிட்டு வெளிய போயிருச்சுங்க. அப்புறம் பொண்ணுகளே உக்கார்றதில்ல, நான் சொன்னாலும் உக்கார மாட்டேங்குதுக. ஸ்டூல் மேல இப்ப பார்சல் கவர் அடுக்கி வெச்சிருக்குது. கஸ்டமர் பக்கமும் கொஞ்சம் பேசுங்க.

திண்ணைப்பேச்சு:

ஈரோட்டு அண்ணன் சொன்னதுதான் இந்த த்ரெட்லயே முக்கியமான விஷயம்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல உக்கார்றதுங்கிறது உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. யார் முன்னாடி யார் உக்காரலாம்னு தலைமுறை தலைமுறையா சட்டம் போட்டு வச்சிருக்கோம். எங்க தாத்தா காலத்துல பண்ணையார் வீட்டுத் திண்ணை பக்கம் போனா துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னுதான் பேசணும். தாத்தா காலம்னு தப்பிக்கவும் முடியாது, 2020ல கடலூர் மாவட்டம் தெற்கு திட்டைல தேர்தல்ல ஜெயிச்ச பஞ்சாயத்து தலைவரம்மாவையே மீட்டிங்ல தரைல உக்கார வச்ச போட்டோ வந்துச்சே, மத்த உறுப்பினர்கள் சேர்ல. அதே கண்ணு தான் கடைக்குள்ளயும் வருது. நாம காசு குடுக்குறோம், அவ எந்திரிச்சு நிக்கணும். பேங்க்ல கேஷியர் உக்காந்துதான் நம்மகிட்ட பேசுறாரு, யாராவது மரியாதை இல்லன்னு வெளிய போறோமா?

ஜிம்பாய்_கோவை:

பேங்க் பாயின்ட் கரெக்ட் ப்ரோ.

லேபர்_லா_லோகு:

சட்டம் பத்தி கேட்டிருந்தீங்க. இருக்கு. 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, செப்டம்பர்ல சட்டசபைல வந்தது. ஒவ்வொரு கடைலயும் எல்லா ஊழியருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உக்கார விடணும், ஆம்பளை பொம்பளை வித்தியாசம் கிடையாது. இதுக்கு முன்னாடி கேரளா 2018லயே பண்ணிடுச்சு. அது சும்மா வரல, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பாத்த விஜி பெண்கூட்டுன்னு ஒரு அம்மா கடைப் பொண்ணுங்களை சேத்துக்கிட்டு முதல்ல பாத்ரூமுக்காக சண்டை போட்டாங்க, அப்புறம்தான் உக்கார்ற உரிமைக்கு வந்தாங்க. வரிசைய கவனிங்க, முதல்ல பாத்ரூம். இங்கிலாந்துல 1899லயே சட்டம் போட்டுட்டாங்க, மூணு பெண் ஊழியருக்கு ஒரு சீட்டாவது இருக்கணும்னு.

வேலை நேரமும் பாருங்க, நம்ம சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல பாத்தா ஓவர்டைம் சம்பளம், அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு. தினம் பன்னெண்டு மணி நேரம்ங்கிறதே தப்பு. சேர் பத்திப் பேசுறவங்க இதை விட்டுடுறாங்க.

புகார் குடுக்கணும்னா மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) ஆஃபீஸ் இருக்கும். அம்மா பேர் போட்டு குடுக்க வேணாம், தனியாளா மாட்டிக்குவாங்க. நாலஞ்சு பேர் சேந்து குடுங்க, இல்ல ஒரு யூனியன் மூலமா குடுங்க. சேர், பாத்ரூம், குடிதண்ணி மூணையும் ஒரே மனுவுல எழுதுங்க. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு குடோன்ல இருந்து சேர் வெளிய வரும், மறுநாள் உள்ள போகும், அதையும் எதிர்பாத்து தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

முத்துநகர்_மேரி:

குடோன் சேர் கதை நிசம். எனக்குப் பொறவு அதே கடைல இருந்த பிள்ளை சொன்னா, புது ஸ்டூலு வந்து பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காம ரெண்டு வருசமா மாடிப்படிக்கு அடியில கெடக்காம்.

வைகைக்கரை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன். டாப்ளர் எடுத்தாச்சு, வலது கால்ல பெரிய சிரைல வால்வு போயிருக்கு, இடது கால் பரவால்ல. லேசருக்கு அரசு காப்பீட்டுல வருமான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம், அது வரைக்கும் ஸ்டாக்கிங்ஸ்.

மனுவெல்லாம் அம்மா வேணாம்னுட்டாங்க, பயம். ஆனா ஒண்ணு பண்ணினாங்க, அவங்க செக்‌ஷன்ல இருக்குற பத்து பேரும் சாப்பாட்டு நேரத்துல பேசி வச்சுக்கிட்டு ஒரே நாள்ல அவங்கவங்க டாக்டர் சீட்ட கொண்டுபோய் மேனேஜர் மேஜை மேல வச்சிருக்காங்க. பத்து பேருல ஏழு பேர்கிட்ட சீட்டு இருந்திருக்கு, அது வரைக்கும் அம்மாவுக்கே தெரியாது பக்கத்து கவுன்டர் அக்காவுக்கும் இதே காலுன்னு. ஆளாளுக்கு மறைச்சு வச்சிருந்திருக்காங்க, தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு.

மேனேஜர் ஒண்ணும் சொல்லல. நாலு நாள் கழிச்சு ரெண்டு ஸ்டூல் வந்திருக்கு, பத்து பேருக்கு. கஸ்டமர் கண்ணுல படாம பில்லருக்குப் பின்னாடி போட்டுக்கணுமாம். டர்ன் போட்டு உக்கார்றாங்க, கால் மணி நேரம் ஒருத்தருக்கு. பாத்ரூம் இன்னும் அதேதான், தண்ணி பாட்டில் மட்டும் நேத்து பாதியா வந்துச்சு.

ஓபி அக்கா, ஸ்டாக்கிங்ஸ் மெடிக்கல்ல கேட்டா எம் சைஸா எல் சைஸாங்கிறாங்க, எப்படி அளக்கறது?

ஓபி_நம்பர்_12:

காலைல படுக்கைய விட்டு எந்திரிச்சதும் அளங்க, சாயங்காலம் அளந்தா வீக்கத்தைச் சேத்து அளந்துடுவீங்க, அப்புறம் லூசாயிடும். கணுக்கால் எலும்புக்கு மேல ஒல்லியா இருக்குற இடம், கெண்டைக்கால் பெருசா இருக்குற இடம், குதிகால்ல இருந்து முட்டிக்குக் கீழ வரை நீளம், மூணும் டேப்ல எடுத்து கடைல குடுங்க, பாக்கெட் பின்னாடி அட்டவணை இருக்கும். எவ்வளவு டைட்டுங்கிறத டாக்டர் எழுதித் தரணும், நீங்களா வாங்காதீங்க. அம்மாவுக்கு ஷுகர் இருந்தா பாதத்துல நாடி பாத்துட்டுதான் போடணும், அதையும் கேட்டுக்கோங்க. ரெண்டு ஜோடி வாங்குங்க, மதுரை வெயில்ல தினம் துவைக்கணும், நிழல்ல காயப் போடணும். முதல் வாரம் போடவே கஷ்டமா இருக்கும், கால்ல கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டு ஏத்தச் சொல்லுங்க.